நாலு வருஷ டிஎம் அனுபவம்: சிஆர் கணக்கு கைகொடுத்த இடமும் காலை வாரிய இடமும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலு வருஷமாக ஞாயிறு ராத்திரி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டு ஓடுகிறது. ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன், நான்தான். கதை சொல்வதும் அரக்கன் குரலில் உறுமுவதும் சீக்கிரம் பழகிவிட்டது. சண்டையை அளவாக வைப்பதில்தான் இன்னும் அடி வாங்குகிறேன்.

அதற்குப் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. எதிரியின் பலத்துக்குக் கொடுக்கும் எண் சிஆர், அதற்கேற்ற புள்ளிகள் எக்ஸ்பி. எதிரிகளின் எக்ஸ்பியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாம் லெவல் ஆள் ஒருவருக்கு 75 எக்ஸ்பி என்றால் லேசு, 150 நடுத்தரம், 225 கடினம், 400 உயிருக்கு ஆபத்து. எத்தனை பேர் ஆடுகிறார்களோ அத்தனையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். எதிரிகள் கூட்டமாக வந்தால் அவர்கள் பக்கமும் பெருக்கல் உண்டு: இரண்டு என்றால் ஒன்றரை, மூன்று முதல் ஆறு வரை 2, ஏழு முதல் பத்து வரை 2.5. இந்தக் கடைசிப் பெருக்கலை வெட்டி வேலை என்று முதல் வருஷம் விட்டுவிட்டேன்.

அதற்குப் பலன் திசையன்விளைத் தேரிக்காட்டில் கிடைத்தது. எங்கள் கதையில் அது பேய் உலவும் செம்மண் பாலை. முந்தின வாரம் ஓகர் என்ற ராட்சசன் ஒன்றை இறக்கியிருந்தேன். 450 எக்ஸ்பி, 59 ஹெச்பி (உயிர்ப் புள்ளி), கையில் பெரிய தடி. ஆனால் ஒரு சுற்றுக்கு அதற்கு ஒரே ஓர் அடிதான். நாலு பேர் சுற்றி நின்று இரண்டே சுற்றில் சாய்த்துவிட்டார்கள். சரி, இந்த வாரம் இன்னும் லேசாகவே இருக்கட்டும் என்று பனைமரங்களுக்குப் பின்னால் எட்டு கோப்ளின்களை, அதாவது குட்டிப் பூதங்களை, வில்லோடு நிறுத்தினேன். தலைக்கு 50 எக்ஸ்பி, எட்டு ஐம்பது 400தானே?

முதல் சுற்றிலேயே எட்டு அம்பு. மந்திரவாதியாக ஆடிய மாமா மகனுக்கு 17 ஹெச்பி. நாலு அம்பு தைத்ததும் அவன் பகடையை டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துவிட்டு, "என் முறை வாரதுக்குள்ள சாஞ்சுட்டேனே அத்தான், இது என்ன கணக்கு?" என்றான். வீட்டுக்குள் போய் 2.5 போட்டுப் பார்த்தேன். 1000. நாலு பேருக்குக் கடினம் 900லேயே ஆரம்பிக்கிறது. அன்றிலிருந்து சிஆரைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் ஒரு சுற்றில் எத்தனை அடி அடிக்கும் என்று எண்ணிவிடுகிறேன்.

2024 பதிப்பில் அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். கூட்டுவது சுலபம்தான். ஆனால் அதன்படி அந்த 400, நாலு பேருக்கான மிக லேசான 600ஐக்கூடத் தொடவில்லை! தேரிக்காட்டைப் பார்த்தவன் நான், பழைய பெருக்கலையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் நேரம். கதைக்குள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டை வரும், மந்திரமெல்லாம் அதற்குள் கரையும் என்பது 2014 புத்தகத்தின் அனுமானம். எங்களுக்கு இட்லி சாப்பிட்டு முடிக்கவே ஒன்பது மணி. ராத்திரிக்கு ஒரு சண்டை நடந்தால் பெரிது. எல்லோரும் முழு பலத்தோடு வந்து கொட்டித் தீர்ப்பதால், கடினம் என்று போட்டதெல்லாம் நடுத்தரமாகக் கரைந்துவிடும். அதனால் தூங்கி எழுந்தாலும் மந்திரம் திரும்பாது, இரண்டு மூன்று ஞாயிறு சேர்ந்துதான் ஒரு நாள் என்று ஆக்கினேன். முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. முகூர்த்தம், ஊர்க் கொடை என்று ஆள் குறைந்தால் எதிரியையும் குறைப்பேன், அவ்வளவுதான்.

சண்டைக்கு நடுவில் எதிரியின் ஹெச்பியைக் கூட்டுவது, குறைப்பது? செய்திருக்கிறேன். ஓகரின் 59 சராசரிதான், பகடை உருட்டினால் 28 முதல் 91 வரை எதுவும் வரலாம். ஆனால் ஒருமுறை சாக வேண்டியதைச் சாகவிடாமல் இழுத்தேன். எதிரே ஒருவர் அடியைத் தாளில் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த ராத்திரி முழுக்க யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் ஹெச்பியை முன்கூட்டியே எழுதி மடித்து வைத்துவிடுகிறேன்.

போன வாரம் வேறு மாதிரி முயன்றேன். குறுக்குத்துறைபோல ஆற்றுக்குள் ஒரு கல்மண்டபம், தாமிரபரணியில் வெள்ளம், சுற்றுக்கு ஒரு படி தண்ணீர் ஏறும். வேலை, உள்ளே இருக்கும் செப்புப் பெட்டியை எடுப்பது. நாலாம் சுற்றில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் சண்டையை அப்படியே போட்டுவிட்டுப் பெட்டியோடு கரைக்கு ஓடினார்கள். மிச்சம் மூன்று கோப்ளின் இன்னும் மண்டபக் கூரைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. நீந்தத் தெரியுமா என்று இந்த ஞாயிறுக்குள் முடிவு செய்ய வேண்டும்.