ஸ்டியரிங் டேம்பரா, கோன்செட்டும் டயருமா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அட்வென்ச்சர் பைக் ஓட்டும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: ஹேண்டில் ஆடுகிறது, ஸ்டியரிங் டேம்பர் (ஹேண்டில் உதறலை அடக்கும் சின்னக் கருவி) போடலாமா, இல்லை அந்தப் பணத்தில் கோன்செட்டையும் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) டயரையும் மாற்றலாமா?

செலவு: நல்ல இறக்குமதி டேம்பர் என்றால் மவுன்ட்டோடு சேர்த்துப் பல ஆயிரம் ஆகும். கோன்செட் மாற்ற அதில் சின்னப் பங்குதான்.

வேலை: டேம்பருக்குள் எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போக வேண்டும், அதனால் கல்லோ பள்ளமோ முன்சக்கரத்தைப் படாரென்று திருப்பும்போது அந்த உதறலைத் தாங்கிக்கொள்ளும், நாம் மெதுவாகத் திருப்புவதை அவ்வளவாகத் தடுக்காது. பழவேற்காடு பக்கம் மணலில் நின்றுகொண்டே ஓட்டும்போது கை ஓயாமல் இருக்க இது உண்மையாகவே உதவும். ஆனால் கோன்செட்டில் குழி விழுந்தோ, டயர் தாறுமாறாகத் தேய்ந்தோ, பின்பெட்டியில் பாரம் கூடியோ வரும் ஆட்டத்தை டேம்பர் மறைக்கும், சரிசெய்யாது. எனக்கு இதில்தான் பயம்.

பராமரிப்பு: டேம்பரில் சீல் கசியலாம், நம் ஊர் உப்புக்காற்று வேறு. கோன்செட்டுக்கு அவ்வப்போது கிரீஸ், சரியான இறுக்கம், அவ்வளவுதான்.

மணலிக்கும் மாதவரத்துக்கும் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் கோன்செட், டயர், காற்றழுத்தம் மூன்றையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தும், மணலிலும் கல்லிலும் அடிக்கடி வேகமாக ஓட்டுகிறவர் என்றால் டேம்பர் போடுங்கள், தயங்க வேண்டாம். அப்புறம், டேம்பரின் இறுக்கத்தை முழுசாக வைத்துக்கொண்டு ராயபுரம் சந்துகளில் நுழையாதீர்கள், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கனத்து வண்டி தடுமாறும்.