கல்லீரல் புற்றுநோயில் மரபணு ஒடுக்கம்: நானோதுகளா, கால்நாக்கா?

புற்றணு பிழைக்கத் தேவையான ஒரு புரதத்துக்கான செய்முறை நகலை (எம்ஆர்என்ஏ) வெட்டிவிட்டால் அந்தப் புரதம் உருவாகாது. வெட்ட வைக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்னும் குட்டி ஆர்என்ஏ 21 முதல் 23 எழுத்து நீளம்தான். அதை வடிவமைப்பது இன்று கடினமல்ல. கட்டியின் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடினம். அதற்கு முக்கிய வழிகள் இரண்டு: கொழுப்பு நானோதுகளில் பொதிந்து ட்ரிப்ஸாக ஏற்றுவது, கால்நாக் என்னும் சர்க்கரையோடு பிணைத்துத் தோலுக்கடியில் ஊசி போடுவது.

வசதியில் கால்நாக்கை மிஞ்ச முடியாது. கொலஸ்ட்ராலுக்கான இன்க்ளிசிரான் இந்த வகை: 284 மி.கி. ஊசி ஒன்று, 3 மாதம் கழித்து இன்னொன்று, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. அமிலாய்டு நோய்க்கான பட்டிசிரான் நானோதுகள் வகை: 3 வாரத்துக்கு ஒருமுறை, கிலோவுக்கு 0.3 மி.கி., சுமார் 80 நிமிட ட்ரிப்ஸ். ஒரு மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு, பாராசிட்டமால், இரு வகை ஹிஸ்டமின் தடுப்பிகள் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் அந்த 6 மாதக் கணக்கு புற்றுநோய்க்குப் பொருந்தாது. நல்ல கல்லீரல் செல் அரிதாகவே பிரியும். உள்ளே போன மருந்து அப்படியே தங்கும். புற்றணு பிரியும்போதெல்லாம் மருந்தும் பாதியாகும். பத்துப் பிரிவுக்குப் பின் ஒரு செல்லில் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. இது இரண்டு வழிக்கும் பொதுவான சிக்கல். கால்நாக்குக்கு இன்னொன்றும் உண்டு: அது கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏஎஸ்ஜிபிஆர் ஏற்பியைப் பிடித்தே உள்ளே நுழைகிறது. கட்டி கல்லீரல் செல்லின் இயல்பை இழக்க இழக்க அந்த ஏற்பியும் குறையும். மிக மூர்க்கமான செல்களுக்கே மருந்து போகாது.

நானோதுகள் ரத்தத்தில் அபோஇ புரதத்தைப் போர்த்திக்கொண்டு எல்டிஎல் ஏற்பி வழியாக நுழைவதால் அந்தத் தடை இல்லை. ஆனால் உள்ளே போனதில், அதை அடைத்துவைக்கும் எண்டோசோம் என்னும் பையிலிருந்து தப்பி வேலைசெய்வது 1 முதல் 2 சதவீதமே. கல்லீரல் தழும்பேறும் சிரோசிஸில் நுண்குழாய்ச் சுவரின் துளைகள் அடைபடும்போது 80, 100 நானோமீட்டர் துகள் திணறும். சிறிய கால்நாக் மூலக்கூறு புகுந்துவிடும்.

செல் பிரிவுக்குத் தேவையான பிஎல்கே1 மரபணுவைக் குறிவைத்த டிகேஎம்-080301 நானோதுகளை 43 கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள், ஆனால் தனி மருந்தாகத் தொடரும் அளவுக்குக் கட்டி அசையவில்லை. இலக்கைத் தேர்ந்தது சரியே: நானோதுகள் நல்ல செல்லுக்குள்ளும் போகும் என்பதால், பிரியும் செல்லுக்கு மட்டும் தேவையான மரபணுவே பாதுகாப்பு. இத்தகைய சோதனையில் ஸ்கேன் மட்டும் போதாது. கட்டியில் திசு எடுத்து, எம்ஆர்என்ஏ குறித்த இடத்தில் வெட்டுப்பட்டதா என 5-பிரைம் ரேஸ் முறையில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சேரவில்லையா, சேர்ந்தும் பலிக்கவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை.

எங்கள் தேர்வு: கட்டி வந்தபின் நானோதுகள், அதுவும் வேறு மருந்தோடு சேர்த்து. கட்டி வருமுன், அதற்கு இட்டுச்செல்லக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று நிலையில், கால்நாக். அங்கே ஏற்பி நிறைய, செல் பிரிவு குறைவு. ஆனாலும் குறிவைக்கும் இடம் முக்கியம். ஹெபடைடிஸ் பிக்கான எஸ்ஐஆர்என்ஏ மருந்தான ஏஆர்சி-520இன் சோதனையில், மனித மரபணுவுக்குள் ஒட்டிக்கொண்ட வைரஸ் டிஎன்ஏவில் இலக்குப் பகுதியே அறுந்துபோயிருந்ததால், ரத்தத்தில் இ-ஆன்டிஜன் என்னும் வைரஸ் புரதம் இல்லாத நோயாளிகளிடம் வைரஸின் மேலுறைப் புரதமான எஸ்-ஆன்டிஜன் குறைவாகவே இறங்கியது. எஸ்-ஆன்டிஜனுக்கான பகுதிக்குள்ளேயே வெட்டும் இன்னொரு எஸ்ஐஆர்என்ஏவையும் சேர்ப்பது அதற்கான தீர்வு.