ஸ்டார்ட்அப்பா, அனிமேஷனா, சர்வீஸா: பழைய கம்ப்யூட்டரில் எதை நிறுத்தினால் பலன்?

தண்டையார்பேட்டையில் சின்ன ஜெராக்ஸ் கடை. ஸ்கேன் எடுக்கும் மூலையில் இருப்பது மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்ணப்பம் போடக் கடைசி நாள் என்றால் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். "இன்னாண்ணா, இன்னும் சுத்திக்கினே கீது?" என்று பையன்கள் கலாய்ப்பார்கள். காசு போடாமல் செட்டிங்ஸிலேயே சமாளிக்க முடியுமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

கை வைக்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றில் எது நூறை ஒட்டி நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். எங்கள் மெஷினில் காலையில் டிஸ்க் 100%, கூட்ட நேரத்தில் மெமரி. இதைப் பார்க்காமல் செட்டிங்ஸை மாற்றுவது, அடிபம்பில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தை மாற்றுகிற கதை.

காலை நேர டிஸ்க் தொல்லைக்கு மற்ற எதையும்விட, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடும் புரோகிராம்களின் ஸ்டார்ட்அப் பட்டியல்தான் கைகொடுத்தது. அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போனால், எது எவ்வளவு இழுக்கிறது என்று 'ஹை', 'லோ' போட்டுக் காட்டும். மீட்டிங் ஆப், கிளவுட் சேமிப்பு, பிரிண்டர் கம்பெனியின் விளம்பரப் பெட்டி எல்லாவற்றையும் டிசேபிள் செய்தேன். பிரிண்ட் வழக்கம்போல வந்தது. ஆனால் வேகத்தில் தமிழ் டைப்பிங் மென்பொருளையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். மறுநாள் வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்த பெரியவர் எதிரே, நான் அடித்ததெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக விழுந்தது. பேர் தெரியாததை நிறுத்தும் முன் அது என்னவென்று பாருங்கள்.

அனிமேஷனை நிறுத்துவதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். தேடல் பெட்டியில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று அடித்து, 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்தால் விண்டோ சட்டென்று திறக்கிற மாதிரி இருக்கும். மாதிரிதான், டிஸ்க் அப்படியே திணறிக்கொண்டிருக்கும். அதோடு எழுத்தின் விளிம்பை மழுப்பும் வசதியும் போய்விடுவதால் 'ஞ', 'ணி' வளைவெல்லாம் ரம்பப் பல்லாகத் தெரியும். நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவர்களுக்குக் கண் போய்விடும். எழுத்து வழவழப்பு, படங்களின் சிறு முன்தோற்றம் இரண்டுக்கும் டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு மற்றதை விடலாம்.

பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் விண்டோஸ் சர்வீஸ்களில் சண்டை சிஸ்மெயினுக்கும் விண்டோஸ் சர்ச்சுக்கும். அடிக்கடி திறக்கும் புரோகிராமை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது சிஸ்மெயின் வேலை. அதை நிறுத்தியதும் காலையில் டிஸ்க் அடங்கியது, ஆனால் பிரவுசர் முதல் தடவை திறக்க முன்னைவிட இழுத்தது. எங்களுக்கு அது பரவாயில்லை. ஃபைல்களைச் சட்டெனத் தேட முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கும் சர்ச் இண்டெக்ஸை மட்டும் நிறுத்தி நொந்துபோனேன். "போன மாசம் ஸ்கேன் பண்ணீங்களே, டிசி" என்று வந்து நிற்பவரின் பேரை அடித்தால் அரைநாள் தேடுகிறது. அன்று சாயங்காலமே திரும்ப ஆன் செய்தேன்.

கூட்ட நேர மெமரிக்குத் தீர்வு விண்டோஸில் இல்லை, குரோமில் இருந்தது. செட்டிங்ஸில், பார்க்காமல் கிடக்கும் டேப்களை ரேமிலிருந்து இறக்கும் மெமரி சேவரை ஆன் செய்து, மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதியை ஆஃப் செய்தேன். 4 ஜிபிக்கு அதுவே பெரிய மூச்சு.

ஷட் டவுனா, ரீஸ்டார்ட்டா? இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் முழு ஓய்வில்லை. விண்டோஸின் அடித்தளத்தை டிஸ்கில் பத்திரப்படுத்தி, காலையில் அப்படியே எடுக்கிறது. தினம் ராத்திரி அணைத்தும் எங்கள் மெஷினின் 'அப் டைம்' (அணைக்காமல் ஓடிய நேரம்) நாள்கணக்கில் காட்டியது அதனால்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த வசதி தேவை, எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட்.

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் பெட்டியில் பிராசஸரின் கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் வரும் என்பது வெறும் வதந்தி. அந்தப் பெட்டி குறைக்க மட்டுமே; காலியாக விட்டால் விண்டோஸ் எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் உள் செட்டிங் பதிவுகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் பக்கமே போகாதீர்கள். ஹை பெர்ஃபார்மன்ஸ் பவர் பிளானால் டெஸ்க்டாப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மே மாத வெயிலில் சிபியூ ஃபேன் தூசியைத் தட்டியது அதைவிட உதவியது.

இத்தனையையும் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டே இல்லாத ஒரு எஸ்எஸ்டியை வைத்தால்? சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி வரை படிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் 100ஐச் சுற்றித்தான். சின்னச் சின்ன ஃபைல்களில் வித்தியாசம் இன்னும் கொடூரம், ஏனென்றால் ஹார்ட் டிஸ்கின் முள் ஒவ்வொன்றுக்கும் ஓடி ஓடித் தேடவேண்டும். செட்டிங்ஸ் சுமையை இறக்கும், மெஷினை மாற்றாது.

ஆனாலும் ரிச்சி தெருவில் வாங்கிய எஸ்எஸ்டியை இந்த ஐ3க்குப் போடவில்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர அதிகாரபூர்வமாக ஏற்காது. எஸ்எஸ்டி கல்லாப் பக்கத்து எட்டாம் தலைமுறை மெஷினுக்குப் போனது. விண்ணப்பமும் பேங்க் வேலையும் இப்போது அதில்தான். மூலை மெஷினில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். ஸ்கேனும் பிரிண்டும் அது பாட்டுக்குச் செய்கிறது.