புது பைக்குக்கு "அட்வென்ச்சர் பெக்கேஜ்" போடப்போற திருமலைப் பெடியளுக்கு

கடைப் பேர் போடேல்ல. இன்பொக்ஸில வந்து கேட்டாலும் சொல்லமாட்டன், முறைப்பாடு ஒண்டு போய்க்கொண்டிருக்கு, அது முடியிறதுக்குள்ள பேரைச் சொல்லி இன்னொரு வில்லங்கத்தை நான் விலைக்கு வாங்கத் தேவையில்ல. ஆனா நடந்ததைச் சொல்லாம விட்டா இன்னும் நாலு பேர் அதே வாசலுக்குத்தான் போவாங்கள். 2020ல நிப்பாட்டின வாகன இறக்குமதிய 2025ல திரும்பத் திறந்து விட்டதோட எங்கட பக்கம் புது பைக் எடுக்கிற ஆக்கள் கூடிட்டினம், அவையளுக்குப் பின்னால மொடிபை பண்ணுற கடையளும் முளைச்சிட்டுது. எல்லாரும் கள்ளர் எண்டு சொல்லேல்ல, எனக்கு வாய்ச்சவர் மொட்டை அடிச்சுப்போட்டார், அவ்வளவுதான்.

நான் எடுத்தது ஹீரோ கொம்பனியின்ட எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக். முன்னுக்கு 21 இஞ்சி, பின்னுக்கு 18 இஞ்சி, ரெண்டும் ஸ்போக் வீல், உள்ளுக்கு டியூப், நிலத்தில இருந்து 220 மில்லிமீற்றர் உயரம், எஞ்சினுக்குக் கீழ கொம்பனியே அலுமினியத் தகடு போட்டுத்தான் தருது. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்து மணல் பாதைக்கும் மூதூர் தாண்டி வெருகல் பக்கம் உள்றோட்டுக்கும் இது தாராளம். எனக்குத் தேவைப்பட்டது கைக்கு நல்ல கார்ட்டும், பின்னுக்கு சாமான் கட்ட ஒரு ரெக்கும், ராவில ஓட கூடுதலா ரெண்டு லைற்றும். அதைத்தான் போய்க் கேட்டனான்.

முதலாளி பைக்கை ஒருக்கா சுத்தி நடந்து பாத்திட்டு, "தம்பி, இதை இப்பிடியே ஓடுறதெண்டா நீர் ஒரு ஸ்கூட்டி எடுத்திருக்கலாமே" எண்டார். பிறகு போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார், மலை உச்சியில சேறடிச்ச பைக் ஒண்டு, தான் செய்த வேலையாம். வடிவாப் பாத்தா பைக்கின்ட நம்பர் பிளேட்டே இலங்கை நம்பர் இல்ல. அதைக் கேட்டதுக்கு "அது வேற படம், மாறி வந்திட்டுது" எண்டு சிரிச்சிட்டு அடுத்ததுக்குப் போய்ட்டார். கிராஷ் கார்ட், கீழ் பிளேட், ஹேண்டிலை உயர்த்திற ரைசர், மணலுக்கும் சேறுக்கும் எண்டு பெரிய கட்டை வைச்ச கட்டை டயர் ஒரு செட், லைற், ரெக் எல்லாம் சேர்த்து 145,000, தனித்தனியா எடுத்தா 190,000 வருமாம், உமக்கெண்டபடியா குறைக்கிறன் எண்ட வழமையான கதை. சைலன்சரும் மாத்தச் சொல்லி நிண்டார், அதுக்கு மட்டும் நான் மசியேல்ல. சத்தமான சைலன்சருக்குப் பொலிஸ் புடிப்பாங்கள் எண்டது ஒரு பக்கம், பெற்றோல் இன்ஜெக்சன் பைக்கில சைலன்சரை மட்டும் மாத்திட்டு டியூனிங்கைப் பாக்காம விட்டா எஞ்சினுக்குப் போற கலவை சரிவராது, சூடு கூடும்.

வேலை செய்யேக்க பக்கத்தில நிக்கிறன் எண்டு கேட்டனான். கஸ்டமர் உள்ளுக்க நிக்கக்கூடாதாம், இன்சூரன்ஸ் பிரச்சினையாம். தகரக் கொட்டிலுக்கு என்ன இன்சூரன்ஸோ தெரியாது. பின்னேரம் வாரும் எண்டு அனுப்பிட்டாங்கள், போய்ப் பாத்தா பைக் கழுவி பொலிஷ் அடிச்சு ஜம்மெண்டு நிக்குது.

முதல் வெளியில வந்தது டயர் கதை. நிலாவெளியால போய் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டின கொஞ்சத்தில பின் டயர் இறங்கிட்டுது. பக்கத்தில ஒரு நானாவின்ட டயர் கடை, மனுசன் வீலைக் கழட்டி டயரை ஒரு பக்கம் நெம்பித் தூக்கி உள்ளுக்கு கையை விட்டு டியூபை வெளிய இழுத்தார், ஏற்கனவே ஒட்டுப்போட்ட டியூப், ரெண்டு இடத்தில ஒட்டு, வால்வுக்குப் பக்கத்தில இன்னொரு வெடிப்பு. "மகன், இது பதினேழு இஞ்சி டியூப், பதினெட்டுக்கு இழுத்துப் போட்டிருக்கானுகள்" எண்டார். புது பைக்கில வந்த புது டியூப் எங்க? அதுக்குப் பிறகுதான் டயரைத் திருப்பிப் பாத்திட்டு, அம்புக்குறி பின்பக்கமா நிக்குதே எண்டார். டயரில எந்தப் பக்கம் சுத்தவேணும் எண்டு ஒரு அம்பு இருக்கும், அதை மாறிப் போட்டிருக்கினம். ஏன் மாறிப் போட்டதெண்டு எனக்கு அப்ப விளங்கேல்ல. நானா டிஸ்க் பக்கம் துணியால துடைச்சிட்டு விரலை வைச்சுக் காட்டினார்: 3116.

இதைத் தெரியாத ஆக்கள் கனபேர் இருக்கினம், அதால விவரமாச் சொல்லுறன். டயரின்ட பக்கச் சுவரில டொட் எண்டு தொடங்கிற எழுத்துக்களுக்குக் கடைசியில ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டும் அந்த வருசத்தில எத்தினையாவது கிழமை, மற்ற ரெண்டும் வருசம். 3116 எண்டா 2016ம் ஆண்டு 31வது கிழமை செய்த டயர். கனக்க டயரில இந்த முழு இலக்கமும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் கண்ணில படக்கூடாதெண்டுதான் அம்புக்குறியையும் பாக்காம டிஸ்க் பக்கமாத் திருப்பிப் போட்டிருக்கினம். கட்டைகளுக்கு நடுவில நகத்தால கீறிப் பாத்தா மயிர் மாதிரி வெடிப்பு, அதுக்கு மேல கறுப்புப் பொலிஷ். ஓடாம கடையில கிடந்தாலும் ரப்பர் இறுகும், இறுகின ரப்பர் மழைக்கு தார் றோட்டில பிடிக்காது. புது பைக்கில கொம்பனி போட்ட புது டயரைக் கழட்டிட்டு இதைப் போட்டுக் காசும் வாங்கியிருக்கினம். நானா ஒட்டுக்கு மட்டும் காசு எடுத்தார், சொல்லித் தந்ததுக்கு ஒண்டும் எடுக்கேல்ல, தேத்தண்ணியும் தந்தவர்.

லைற் கதை இதை விட மோசம், இது உயிரோட விளையாடின வேலை. கந்தளாய் தாண்டி ஹபரண பக்கம் ராவில போகேக்க, யானை குறுக்கால போற இடம் எண்டு எல்லாருக்கும் தெரியும், அந்த இடத்தில பிளாஸ்டிக் எரியிற மணம் வந்தது, வந்த கையோட முன் லைற் மொத்தமா நிண்டுட்டுது. பூட்டின லைற்றும் இல்ல, பைக்கின்ட சொந்த லைற்றும் இல்ல. லொறி ஒண்டு வரும் வரைக்கும் நிண்டு, அதின்ட பின் லைற்றைப் பாத்துக்கொண்டே அடுத்த சந்தி வரைக்கும் ஊர்ந்துதான் போனனான்.

பிறகு ஏஜென்ட்டின்ட சேர்விஸில கழட்டிப் பாத்தா, ரிலே எண்ட சாமானே இல்ல, அதுதான் சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டிற சுவிட்ச். ஹெட்லைற் வயரைப் பிளேட்டால சீவி, அதில லைற் வயரைச் சுத்தி, மேல கறுப்பு டேப். ஒண்டு 60 வாட் எண்டு பெட்டியில போட்டிருக்கு, உண்மையா அவ்வளவு இழுக்குமெண்டா ரெண்டும் 120 வாட், 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர், அதை ஹெட்லைற்றின்ட மெல்லிய வயரில தொங்கவிட்டா என்ன நடக்கும்? கடையில டெஸ்ட் பண்ணேக்கயே ஃபியூஸ் போயிருக்க வேணும், ஏனெண்டா ஒறிஜினல் ஃபியூஸைக் கழட்டி எறிஞ்சிட்டு பெரிய ஃபியூஸ் ஒண்டு செருகி விட்டிருக்கினம். ஃபியூஸ் இருக்கிறதே வயர் எரிய முதல் தான் எரியிறதுக்குத்தான். அதைப் பெரிசாக்கினா வயர்தான் ஃபியூஸ். பற்றரியில இருந்து நேரா தனி வயர், அதுக்கு அளவான ஃபியூஸ், நடுவில ரிலே, சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கவேணும், இதுதான் ஒழுங்கான வேலை, அதுக்குரிய சாமானுக்குப் பெரிய காசும் போகாது. வயர் வெட்டினபடியா வயரிங்குக்கு வொறண்டி இல்லையெண்டு ஏஜென்ட் கையை விரிச்சிட்டினம், அவையைக் குறை சொல்ல ஏலாது, சீவின வயரைக் கண்ணால கண்டா ஆர் பொறுப்பெடுப்பினம்.

அங்கதான் மற்றதும் வெளியில வந்தது. ரெக்கின்ட ஓட்டை சரிவரேல்ல எண்டு பின் சப் ப்ரேமில, அதாவது சீற்றுக்குக் கீழ இருக்கிற பின் சட்டத்தில, நேரா வெல்டிங் அடிச்சுப்போட்டு மேல கறுப்பு ஸ்ப்ரே அடிச்சிருந்தது. பற்றரியைக் கழட்டாம பைக்கில வெல்டிங் புடிச்சா ஈசியு, அதாவது எஞ்சினை இயக்கிற கொம்பியூட்டர் பெட்டி, அடிச்சுப் போகலாம், என்ட ஈசியு தப்பினது அவங்கட கெட்டித்தனத்தால இல்ல. ஹேண்டிலை ரைசர் போட்டு உயர்த்திட்டு கேபிளைப் பாக்கேல்ல, இடப்பக்கம் முழுசாத் திருப்பினா பிரேக் ஹோஸ் கம்பி மாதிரி விறைக்குது, ஐட்லிங்கில நிக்கிற பைக் தானா ரேஸ் ஆகுது. கீழ் பிளேட் பளபளா எண்டு வடிவா இருக்கு, ஒயில் போல்ட்டுக்கு ஓட்டை இல்ல, ஒயில் மாத்திற நேரமெல்லாம் முழுப் பிளேட்டையும் கழட்டவேணும். கொம்பனி போட்ட அலுமினியப் பிளேட்டைக் கழட்டிட்டு இதைப் போட என்ன தேவை?

ஸ்டெயின்லெஸ் எண்டு வித்த கிராஷ் கார்ட் உப்புக்காத்துக்கு ஒரு மாரிக்கே தாக்குப் புடிக்கேல்ல, வெல்டிங் மூட்டெல்லாம் செம்மஞ்சளா வடியுது. காந்தம் வைச்சுப் பாத்தனான், பச்சக்கெண்டு ஒட்டுது. நீங்களும் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கோ, பலமா ஒட்டினா வழமையா நாங்கள் கேக்கிற 304 ஸ்டெயின்லெஸ் இல்ல. ஆனா ஒட்டேல்ல எண்டதோட நம்பிடவும் வேணாம், 202 எண்ட மலிவு சாதியும் ஒட்டாது, கடல் பக்கத்தில அது துருப்பிடிக்கும். எனக்கு மனம் பதறினது அந்த கார்ட் பூட்டின போல்ட்டைக் கண்டுதான். எஞ்சினைப் ப்ரேமோட பிடிக்கிற போல்ட்டைக் கழட்டிட்டு ஹார்ட்வெயார் கடைப் போல்ட் ஒண்டு போட்டிருந்தது. நல்ல போல்ட்டின்ட தலையில அதின்ட பலத்தைக் காட்ட 8.8, 10.9 எண்டு அடிச்சிருக்கும், இதின்ட தலை மொட்டை.

கடைக்குப் போய்க் கேட்டன். முதல் அன்பாத்தான் கதைச்சார், "மணலுக்குள்ள விட்டா எந்த டயரும் வெடிக்கும்தானே தம்பி." 3116 எண்ட போட்டோவைக் காட்டின உடனே குரல் மாறிட்டுது. என்ட ஒறிஜினல் டயரும் டியூபும் பிளேட்டும் எங்க எண்டு கேட்டா "கழட்டின சாமான் கடைக்குத்தான், அதாலதானே உமக்கு விலை குறைச்சது" எண்டு ஒரு புதுச் சட்டம். அதை முதல்லயே சொன்னீங்களா அண்ணா எண்டு கேட்டதுக்கு, "எல்லாக் கடையிலயும் அப்பிடித்தான்." தந்த பில்லும் சிகரட் பெட்டி அளவில ஒரு துண்டு, "பைக் வேலை 145,000" எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு, சாமான் விவரம் ஒண்டுமில்ல.

எனவே வேலை குடுக்க முதல் ஒவ்வொரு சாமானின்ட பேரும் விலையும் எழுதின பில் கேளுங்கோ, பில் கேட்டா குடுக்கவேணும் எண்டு சட்டத்திலயே இருக்கு. தராட்டி அங்கயே திரும்பி வாங்கோ. கழட்டிற சாமானை அண்டைக்கே பையில போட்டு வீட்ட கொண்டுவாங்கோ, விக்கிறதா வைச்சிருக்கிறதா எண்டு நீங்கள் முடிவெடுக்கலாம். பக்கத்தில நிக்க விடாத கடைக்கு பைக்கை விட்டுட்டு வராதேங்கோ. முறைப்பாடெண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977க்கு அடிச்சுக் கேக்கலாம், ஆனா வாங்கின நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது, பேசித் தீர்ப்பம் தீர்ப்பம் எண்டு கடைக்காரன் இழுக்கிறதே அந்த மூண்டு மாசத்தைக் கடத்தத்தான் எண்டு எனக்கு இப்ப ஒரு சந்தேகம்.

என்ன போடலாம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு, முதல் சேர்விஸ் வரைக்கும் பைக்கை வந்தபடியே ஓடுங்கோ, எது குறையுது எண்டு அதுவே சொல்லும். எங்கட ஊருக்கு நான் முதல் சொல்லுறது சைட் ஸ்டாண்ட் அடியில பூட்டுற அகலமான தகடு, மலிவுச் சாமான், ஆனா நிலாவெளி மணலில அது இல்லாட்டி பைக் தானாவே படுத்திடும். ஹேண்ட் கார்ட் எடுத்தா உள்ளுக்கு அலுமினியக் கம்பி ஓடுறதா, ரெண்டு முனையும் ஹேண்டிலில பூட்டுறதாப் பாத்து எடுங்கோ, வெறும் பிளாஸ்டிக் காத்துக்குத்தான் உதவும், விழுந்தா லீவர் உடையும். 21 இஞ்சி டியூப் ஒண்டு பைக்கில வைச்சிருங்கோ, வழியில கிடைக்காது, ஆபத்துக்கு அதையே பின் டயருக்குள்ளயும் மடிச்சுப் போட்டு மெதுவா வீடு வந்து சேரலாம். சின்னப் பம்பும் வேணும், மணலுக்கு காத்தைக் குறைச்சா திரும்ப அடிச்சிட்டுத்தான் தார் றோட்டில ஏறவேணும், காத்துக் குறைஞ்ச டயர் றிம்மில வழுக்கி வால்வைப் பிய்ச்சுப்போடும். கடற்கரைக்குப் போய் வந்தா நல்ல தண்ணியில கழுவுங்கோ, ஸ்போக்கையும் செயினையும் மறக்காம. டயரை இருக்கிறது தேயும் வரைக்கும் மாத்தவே வேணாம்.

இப்ப வயரிங்கை வேற ஒரு பாஸிட்ட குடுத்து செய்யிறன், சப் ப்ரேம் வெல்டிங்கை என்ன செய்யிறதெண்டு இன்னும் யோசனை. கடைசியா ஒரு உதவி: என்ட ஒறிஜினல் டயர் செட் இந்தப் பக்கத்திலதான் எங்கயோ விலைக்கு நிக்கும், பின் டயரின்ட பக்கச் சுவரில எங்கட வீட்டுக் கேற்றுக்கு அடிச்ச பச்சைப் பெயின்ட் கட்டைவிரல் அளவுக்குப் பட்டிருக்கு, ஆரும் கண்டா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ, முறைப்பாட்டோட சேர்த்துக் குடுக்கலாம்.