பட்டா வந்தது, யாரும் நம்பவில்லை

அப்பா வாங்கிய நான்கு மா நஞ்சையின் பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதியிருக்கிறது. என் முதல் பாஸ்போர்ட்டில் நாகப்பட்டினம். இப்போது மயிலாடுதுறை. நிலம் என்னவோ இருந்த இடத்திலேயேதான் கிடக்கிறது. 1991இல் ஒரு முறை, 2020இல் ஒரு முறை, மாவட்டம்தான் மாறியது.

கடைசியாக 2020 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அடுத்த ஆண்டு அப்பா இறந்தபோது டொராண்டோவில் உட்கார்ந்து கைப்பேசித் திரையில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். இந்த மார்கழியில் போனதற்குக் காரணம், பட்டாவை அவர் பெயரிலிருந்து எங்கள் பெயர்களுக்கு மாற்றுவது.

சென்னையில் இறங்கி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். விமான நிலையத்திலிருந்து தெற்கே போகிறவனுக்கு அந்தப் பேருந்து நிலையம் வசதிதான். கோயம்பேட்டுக்குப் பழகிய வடசென்னைக்காரர்கள் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது.

ஊரில் முதல் நாளே மானம் போனது. பாஸ்போர்ட் உறையில் பத்திரமாக வைத்திருந்த இரண்டு 2000 ரூபாய்த் தாள்களைப் பார்த்து சித்தப்பா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவற்றை 2023இலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது எனக்குச் செய்தியாகத் தெரியும். என் உறைக்குள் இருப்பதுதான் மறந்துவிட்டது. பூக்காரம்மாவிடம் 500 ரூபாயை நீட்டினால், "சில்லறை இல்லை தம்பி, ஜிபே இல்லையா?" என்கிறார். என் எழுபத்தொரு வயது அம்மா கைப்பேசியை எடுத்து, பூக்கூடையில் இருந்த கியூஆர் அட்டையின் மேல் காட்டினார். கூடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று தமிழில் கத்தியது. டொராண்டோவில் இன்றும் வீட்டு வாடகைக்குக் காசோலை எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அம்மா செவ்வாய்தோறும் டவுன் பஸ்ஸில் வைத்தீஸ்வரன்கோயில் போய் வருகிறார். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. "இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்; அவர் வீட்டு ரேஷன் அரிசிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "முன்பெல்லாம் கோயிலுக்குப் போகக் காசு கேட்டால் உன் அப்பா எதற்கு என்பார். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்."

வங்கியில்தான் சிக்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாததால் என் கணக்கு செயலற்றதாகிவிட்டது. உயிர்ப்பிக்க ஓடிபி வேண்டும். அது என் பழைய எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். கோழிக்கடைக்காரர் ஒருவர் எடுத்தார். வங்கியிலிருந்து தனக்கு வரும் குறுஞ்செய்திகளை மோசடி என்று நினைத்து அழித்துவிடுவதாகச் சொன்னார். மிகச் சரியான முடிவு. எண்ணை மாற்ற நான்கு நாள் நடந்தேன்; ஒவ்வொரு நாளும் ஒரு புதிய படிவம்.

பட்டாவுக்குக் கையில் வாரிசுச் சான்றிதழும் மூலப் பத்திரமும் இருந்தன. கூடவே, யாருக்கும் சொல்லாமல், ஓர் உறையில் மூவாயிரம் ரூபாய். ஊரில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பதுகளில் இதே நிலத்துக்குப் பட்டா வாங்க அப்பா பதினொரு முறை நடந்த கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

இ-சேவை மையத்துப் பெண் ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, 60 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். ஆறாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டார். உறை சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் மூலப் பத்திரத்தைப் பார்த்தார், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார், தங்கைக்குச் சம்மதமா என்றார், எழுதிக்கொண்டார், போகலாம் என்றார். நான் இரண்டு நிமிடம் அங்கேயே நின்றேன். "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று அவர்தான் கேட்டார். பத்தொன்பதாம் நாள் அம்மாவின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது.

"எவ்வளவு கொடுத்தாய்?" என்றார் பெரியப்பா.

"அறுபது ரூபாய்."

"சொல்ல விருப்பமில்லை என்றால் விடு."

மறுநாள் டீக்கடையில் கதை வளர்ந்திருந்தது: கனடாக்காரன் அள்ளிக் கொடுத்து ரேட்டை ஏற்றிவிட்டானாம். சித்தப்பா மகன்கூட நம்பவில்லை. அவனையும் குறை சொல்ல முடியாது. அவன் கேட்டது உட்பிரிவோடு சேர்ந்த பட்டா, அதாவது நிலத்தைப் பிரித்துத் தன் பங்குக்குத் தனியாக. நில அளவர் வந்து அளக்க வேண்டும். ஓர் ஆண்டாக விண்ணப்பம் 'பரிசீலனையில்' இருக்கிறது. திரையில் அந்தச் சொல்லைத் தினமும் பார்க்கிறவனிடம் என் பத்தொன்பது நாள் கதையைச் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

அச்செடுத்த பட்டாவின் ஓரத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம், தாளே தேவையில்லை என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் அதை லேமினேஷன் செய்துகொண்டு வந்தார். மஞ்சள் பையில் பழைய பட்டாவோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்தார்.

கிளம்பும் நாளில் அந்த உறையை அவர் கையில் கொடுத்து, செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிரித்து எண்ணிப் பார்த்தார். எதற்காக எடுத்து வைத்த பணம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கட்டும், நாளைக்கே வேறு ஏதாவது வேலை வரும்" என்று அதையும் மஞ்சள் பைக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.