காக்கா கதையில் ஆங்கிலம்: பாளையங்கோட்டை மாலை வகுப்பு எப்படி?

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் சொல்லித்தரும் இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. பெரும்பாலும் 12 டென்ஸையும் அட்டவணையாகப் போட்டு உருப்போட வைப்பார்கள். சமாதானபுரம் பக்கம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நடக்கும் இந்தக் கதை வகுப்பு வேறு தடம். திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30 முதல் 6.30 வரை நடக்கிறது. வாரம் ஒரு கதை என்று 12 வாரம். மாதம் 600 ரூபாய், புத்தகத்துக்குத் தனியாக 150. 15 பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை.

திங்களன்று ஆசிரியர் கதையை இரண்டு முறை வாசிக்கிறார். முதல் முறை புத்தகம் மூடியே இருக்க வேண்டும். புதன் இலக்கணம். வெள்ளியன்று ஒவ்வொரு பிள்ளையும் புத்தகம் பார்க்காமல் கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் கதை ஈசாப்பின் காகமும் குடமும். 'தமிழில் ஆர்ட்டிகிள் (எ, ஆன், தி) இல்லை' என்றுதான் எல்லா இடத்திலும் ஆரம்பிப்பார்கள். இங்கே 'ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சு, அந்தக் காக்காவுக்கு ஒரே தாகம்' என்று பிள்ளையின் வாயாலேயே முதலில் சொல்லவைக்கிறார்கள். முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. 'எ க்ரோ', பிறகு 'தி க்ரோ' என்பது பாதி புரிந்துவிடுகிறது. மீதிப் பாதியில்தான் சறுக்கல். 'காக்கா குடத்தப் பாத்துச்சு' என்று தமிழில் 'அந்த'வையும் விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் 'தி'யை விட முடியாது. தமிழ் வாக்கியத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் வட்டம் போட்டு 'தி' எழுதச் சொல்லும் பயிற்சி புத்தகத்திலேயே நல்ல பயிற்சி. 'தி தாமிரபரணி' என்று ஆற்றுக்கு 'தி' உண்டு, 'பாளையங்கோட்டை'க்குக் கிடையாது என்பதையும் அதே பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு இலக்கணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணமே வெளியிட்டவர்.

அடுத்து கண்ணாடி டம்ளரும் ஆற்றுக் கூழாங்கல்லும் மேசைக்கு வருகின்றன. முதலில் கால் டம்ளர் தண்ணீர். கல்லை ஒவ்வொன்றாகப் போட்டு டம்ளரே நிரம்பினாலும் தண்ணீர் விளிம்புக்கு வராது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியே டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும்; தண்ணீர் அதற்குள் அடங்கிவிடுகிறது. 'என்ன நடந்தது?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் வரிசையாக 'தி வாட்டர் டிட் நாட் ரோஸ் டு தி டாப்' என்பார்கள். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது, வினைச்சொல் 'ரைஸ்' என்றே நிற்கும் என்று அப்போதே திருத்துகிறார்கள். பிறகு அரை டம்ளர் தண்ணீரில் அதே வேலை. தண்ணீர் விளிம்புவரை வருகிறது, இப்போது 'தி வாட்டர் ரோஸ் டு தி டாப்'. கண்ணால் கண்ட வேறுபாட்டோடு சேர்ந்த விதி மறக்காது. இந்த ஒரு பாடத்துக்காகவே வகுப்பைச் சிபாரிசு செய்யலாம்.

கதை வழியில் இன்னொரு லாபமும் உண்டு. 'நேத்து நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருந்தேன்' என்பதை நம் பிள்ளைகள் அப்படியே 'ஐ ஹேட் கான்' ஆக்குவார்கள். ஆங்கிலத்தில் அது வேறொரு நிகழ்ச்சிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் வடிவம். நேற்று போனதற்கு 'ஐ வென்ட்' போதும். கதை முழுக்க 'வென்ட்', 'சா', 'ட்ராங்க்' என்றே கேட்டுப் பழகிய காது நாலைந்து வாரத்தில் 'ஹேட்'டைத் தானாகவே உதறிவிடும்.

குறை என்றால், முதல் குறை புத்தகத்தில்தான். எல்லாச் சொல்லுக்கும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். குறில் நெடிலுக்கு அது உதவும்: கப்பல் 'ஷிப்', செம்மறி ஆடு 'ஷீப்'. மெய்யெழுத்தில் காலை வாரிவிடும். குளிருக்குப் போடுவதும் 'கோட்', ஆடும் 'கோட்'. முதலாவதில் 'பக்கம்' என்பதில் வரும் அழுத்தமான க, இரண்டாவதில் 'தங்கம்' என்பதில் வரும் க. எழுத்து ஒன்றே என்பதால் பிள்ளை இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது. 'டிராப்ட்' (dropped) என்பதை 'டிராப்பெட்' என்றும் 'லுக்ட்' என்பதை 'லுக்கெட்' என்றும் இழுப்பதையும் புத்தகம் கண்டுகொள்ளவில்லை. 'வான்ட்', 'நீட்' போல t, d ஒலியிலேயே முடியும் வினைகளுக்கு மட்டும்தான் இறந்தகாலத்தில் கடைசியில் ஓர் அசை கூடும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வீட்டில் செய்யக்கூடியது: திங்கள் வகுப்பு முடிந்ததும் தமிழ் எழுத்து உச்சரிப்பைப் பென்சிலால் அடித்துவிட்டு, போன் அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அமுக்கி தினம் 10 சொல்லைக் கேட்கவைப்பது.

சொற்பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல். 'ரன்' என்றால் ஓடு, அவ்வளவுதான். கடை நடத்துவதும் 'ரன்' என்று வரும்போது பிள்ளை முழிக்கும்.

ஒன்பதாவது வாரம் ஆண்டர்சனின் வாத்துக்குஞ்சுக் கதை. அவர் டேனிஷ் மொழியில் எழுதியவர், ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. புத்தகத்தில் இருப்பது பழைய நடை, வாக்கியம் நாலைந்து வரி நீளம். வெள்ளியன்று அந்தக் கதையைச் சொல்ல முடியாமல் திணறுவது பிள்ளைகளின் குற்றமே இல்லை. எளிய பதிப்புக்கு மாற்றியே ஆக வேண்டும்.

கதையிலேயே நிற்பதால் கேள்வி கேட்கும் பழக்கம் வருவதில்லை. கடையில் விலை கேட்க, பஸ் நேரம் விசாரிக்க வேண்டியது நிகழ்காலமும் கேள்வி வாக்கியமும். ஆகவே பேச்சு ஆங்கிலத்துக்காகத் தேடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் இப்போதே சேர்க்க வேண்டாம், முதல் வாரத்திலேயே பின்தங்கிவிடும். தட்டுத்தடுமாறியாவது வாசிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தயங்காமல் பணம் கட்டலாம். சேர்ப்பதாக இருந்தால் முதல் வாரமே சேர்த்துவிடுங்கள். டம்ளர் பாடம் திரும்ப நடத்தப்படுவதில்லை.