கண்டி நகரிலிருந்து புறநகர்ச் சரிவுக்கு: சில மழைக்காலங்கள் கடந்த பிறகு

கட்டுக்கலை, மஹியாவ, கொட்டுகொடல்ல வீதி என்று நகருக்குள்ளேயே வாடகைக்கு இருந்துவிட்டு அம்பிட்டிய, ஹந்தானை அடிவாரம், ஹீரஸ்ஸகல, குண்டசாலை, திகன பக்கம் குடிபோகிற குடும்பங்கள் நிறைய. காரணங்களைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு முற்றம் வேண்டும். பஸ் புகை இல்லாமல் ஜன்னலைத் திறக்க வேண்டும். பெரஹரா நாட்களில் வீதி அடைபட்டு வீட்டுக்கே போக முடியாத நிலை இருக்கக் கூடாது. போய், சில மழைக்காலங்கள் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்: குடும்பத்துக்கு நல்ல முடிவுதான். ஆனால் வீடு பார்க்கப் போகிறவர்கள் மரத்தையும் காற்றையும் பார்த்து மயங்கி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பி வருகிறார்கள். மலைச்சரிவில் ஒரு வீடு நல்லதா கெட்டதா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. குழாயில் வருகிற தண்ணீர், கூரையில் விழுகிற தண்ணீர், பின்பக்க மண்ணுக்குள் ஊறுகிற தண்ணீர், மலசலகூடக் குழியிலிருந்து இறங்குகிற தண்ணீர். இந்த நான்குக்கும் ஒழுங்கான வழி இருந்தால் மற்றக் குறைகளைச் சமாளித்துவிடலாம்.

முதலில் எந்தப் பக்கம் என்பது. ஹந்தானை அடிவாரமும் ஹீரஸ்ஸகலவும் குளிர்ச்சி, ஈரலிப்பு அதிகம், சரிவும் அதிகம். தென்னக்கும்புர பாலம் தாண்டி மஹியங்கனை வீதியில் குண்டசாலை, திகன என்று போகப் போகத் தரை விரிகிறது, வெயில் ஏறுகிறது. தென்மேல் பருவமழையின் பெரும்பகுதியை மலைகள் மறித்துக்கொள்வதால் குண்டசாலையும் திகனவும் இருக்கிற தும்பறைப் பள்ளத்தாக்குக்கு வருகிற மழை குறைவு. இழுப்பு, சளி உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு குண்டசாலைப் பக்கமே மேல் என்பது எங்கள் கருத்து. ஒரு குறை உண்டு: திகன சுற்றுவட்டாரம் சுண்ணாம்புப் பாறை உள்ள நிலம். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும், சவர்க்காரம் நுரைக்காது. அங்கே வீடு எடுப்பதானால் குடிநீர்க் குழாய் இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள்.

இனி சரிவு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2014இல் மீரியபெத்தை மண்சரிவு, 2016இல் அரநாயக்க மண்சரிவு, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் என்று நம் மலைநாடு கண்டவை பல. சரிவில் உள்ள வீடுகள் எல்லாமே ஆபத்தானவை என்று சொல்லவில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளங்கள் உண்டு.

சரிவை வெட்டித் தட்டாக்கிக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் பின்பாதி வெட்டிய மண்ணிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும். வெட்டிய மண் இறுக்கமானது. நிரப்பிய மண் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். இரண்டும் சேருகிற கோட்டுக்கு மேலே சுவர் வெடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறுகிற விரிசலைப் பார்த்தால் அதுதான் காரணமா என்று சந்தேகப்படுங்கள். பூச்சு மட்டும் வெடித்த மயிரிழைக் கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம். விரலால் தடவினால் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் உள்ளேயும் தட்டுப்படுகிற விரிசல், கதவு நிலை சாய்ந்து கொண்டி பொருந்தாமல் போவது, தரையில் ஒரே நேர்கோட்டில் ஓடு வெடிப்பது ஆகியவை வேறு ரகம். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சீமெந்துப் பசையால் ஒட்டிவிடுங்கள். சுவர் இன்னும் அசைகிறது என்றால் ஒரு மழைக்காலத்துக்குள் கண்ணாடி உடையும். உடையாமல் இருந்தால் அது பழைய வெடிப்பு, பூசிக்கொள்ளலாம்.

வீட்டின் பின்னால் உள்ள வெட்டுக்கும் சுவருக்கும் இடையே வெட்டின் உயரத்துக்குக் குறையாத இடைவெளி இருப்பது நல்லது. பல வீடுகளில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகுமளவுக்குத்தான் இடம் இருக்கும். அப்படியானால் வெட்டைத் தாங்கி நிற்கிற கருங்கல் சுவரை, அதாவது கருங்கல் கட்டை, மழையில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டில் பதித்திருக்கிற பிவிசி குழாய்த் துண்டுகள் சும்மா இருப்பதில்லை, பின்னால் ஊறுகிற தண்ணீரை அவைதான் வெளியேற்றுகின்றன. ஒரு மணித்தியாலம் நல்ல மழை பெய்த பிறகு அந்த வாய்களைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் சரி. கல்லின் பொருத்துகள் எல்லாம் கசிந்து குழாய் மட்டும் காய்ந்திருந்தால் குழாய் அடைத்திருக்கிறது, தண்ணீரின் பாரம் முழுவதும் சுவரின் முதுகில். கலங்கல் தண்ணீர் வந்தால் பின்பக்கத்து மண்ணே அரித்துக்கொண்டு வருகிறது. நடுப்பகுதி வெளியே புடைத்த கட்டு இருக்கிற வீட்டை வாடகை எவ்வளவு குறைவானாலும் எடுக்கவே வேண்டாம். அடைத்த குழாயை நீளமான இரும்புக் கம்பியால் குத்தித் திறக்கலாம், ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை அது. வெட்டின் மேல் விளிம்புக்கு அப்பால் குறுக்காக ஒரு வாய்க்கால் இருந்து, மேலேயிருந்து வருகிற தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். அது பக்கத்துக் காணியில் இருக்கும், குப்பை அடைத்திருக்கும், யார் துப்புரவு செய்வது என்ற தகராறும் இருக்கும். கையில் மண்வெட்டியோடு நாமே போய்த் துப்புரவு செய்வதுதான் வழி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படிகளில் வரும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிப்பார்கள் என்பதால், புது இடத்துக்குப் போனவுடன் நமது பிரிவின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே ஒரு அளவு வைப்பதும் சுலபம்: அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் போதும். புதிதாக ஊற்றுக் கிளம்புவது, இருக்கிற ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, நிலத்தில் நீளவாக்கில் வெடிப்பு விடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. காணி வாங்கிக் கட்டுகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையை முற்பணம் கொடுப்பதற்கு முன்னமே கேளுங்கள், உறுதி எழுதிய பிறகல்ல.

கூரைத் தண்ணீரைக் கணக்குப் போட்டால்தான் அதன் பாரம் புரியும். 100 சதுர மீட்டர் கூரையில் 75 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 7,500 லீட்டர். அது பீலியில் இறங்கி, ஒரே குழாயால் முற்றத்து மண்ணில் கொட்டினால், சரிவின் ஒரே இடத்தில் அத்தனையும் இறங்குகிறது. இறங்கு குழாயைத் தரையோடு நீட்டி வடிகாலில் சேர்க்க வேண்டும். ஒரு நீளக் குழாயும் இரண்டு முழங்கைப் பொருத்தும் வாங்கினால் முடிகிற வேலை, இதைச் செய்யாத வீடுகளே அதிகம். ஹந்தானைப் பக்கம் பைன் மரத்து ஊசியிலை வலைக்குள்ளும் நுழைந்து பீலியைப் பாய் மாதிரி மூடிவிடும். மாதம் ஒரு தடவை ஏணி வைத்து அள்ளாவிட்டால் தண்ணீர் உட்புறமாக வழிந்து கூரைச் சட்டத்தை உக்கவைக்கும். தேங்கிய பீலி டெங்கு நுளம்புக்கும் இடம்.

குடிநீர் விஷயத்தில் நகரவாசிக்குப் பழக்கமில்லாத ஒன்று அழுத்தக் குறைவு. மாநகர எல்லைக்குள் மாநகர சபையின் தண்ணீர், வெளியே பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தண்ணீர். மேட்டு வீட்டுக்குப் பகலில் நூல் மாதிரி வரும், பள்ளத்து வீடுகள் தூங்கிய பிறகு நள்ளிரவில் நன்றாக ஏறும். ஆகவே தரை மட்டத்தில் ஒரு 1,000 லீட்டர் தாங்கி, மேலே ஒரு 1,000 லீட்டர் தாங்கி, நடுவில் அரைக் குதிரைவலு மோட்டார் என்ற ஏற்பாடு வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 600 லீட்டர். இரண்டும் நிறைந்திருந்தால் மூன்று நாள் தாக்குப்பிடிக்கலாம். மின்சாரம் போனால் மோட்டாரும் போகும், ஆகவே கீழ்த் தாங்கியின் அடியில் ஒரு குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தாங்கி கூரைக்கு ஒட்டினாற்போல் இருக்கிற வீட்டில் ஷவர் சொட்டும், சலவை இயந்திரம் நிரம்ப நேரமெடுக்கும்.

மலசலகூடக் குழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேளுங்கள். கழிவுநீரை மண்ணுக்குள் ஊறவிடுகிற ஊறுகுழி வெட்டு விளிம்புக்கு மேலே இருந்தால் அந்தச் சரிவு எப்போதும் நனைந்தபடியே இருக்கும். மேல்வீட்டுக் குழிக்கும் நம் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். சரிவில் அது போதாமலும் போகலாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.

பின்சுவர் மண்ணோடு ஒட்டிய அறைகளில் பூஞ்சணம் நிச்சயம். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி வையுங்கள். தோல் சப்பாத்து, பைகள், பாடசாலைச் சான்றிதழ்கள் எல்லாம் முன்பக்க அறையில் இருக்கட்டும். காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று வரை ஜன்னல்களைத் திறந்து, மழை இருட்டும்போது மூடுவதே பலன் தருகிறது. நாள் முழுவதும் திறந்து வைத்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். ஈரம் அடியிலிருந்து ஏறுகிற சுவருக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் உரியும். வெளியே மண்ணைத் தோண்டி வடிகாலைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்குவதுதான் அதற்கு வைத்தியம்.

குரங்குகள் வரும். ஓட்டுக் கூரை என்றால் ஓடு நகரும், அடுத்த மழையில்தான் தெரியும். குப்பை வாளிக்கு மூடிக் கொக்கியும் சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலையும் போட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. காலில் ஏறுகிற அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ போதும். குப்பை வண்டி நகரத்தைப் போல அடிக்கடி வராது, தரம் பிரிக்காவிட்டால் எடுக்கவும் மாட்டார்கள். ஒரு கூட்டெரு வாளி வைத்துவிட்டால் சமையலறைக் கழிவு வீட்டிலேயே முடியும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி பலமாக இருக்கும். முழக்கம் தொலைவில் கேட்கும்போதே ரூட்டரையும் தொலைக்காட்சியையும் பிளக்கோடு கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இணைய இணைப்பின் வயர் வழியாகவும் இடி ஏறும். ட்ரிப் சுவிட்ச் மழையில் மட்டும் விழுகிறதென்றால் பெரும்பாலும் வெளிச்சுவர் விளக்கிலோ கேட் மணியிலோ ஈரம் இறங்கியிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை நகருக்குள்ளேயே இருக்கின்றன. புறநகரில் நடந்து போகிற தூரத்தில் இருப்பது அநேகமாகச் சிங்கள மொழிமூலம். அரச பாடசாலைகளில் முதலாம் தரத்து இடங்களில் பாதி அருகில் வசிப்போருக்கு என்பதும், அதற்கு வாக்காளர் இடாப்பில் முந்திய 5 ஆண்டுகளின் பதிவு பார்க்கப்படும் என்பதும் இங்கே முக்கியம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை இருக்கும்போது நகரத்துப் பதிவை விட்டுவிட்டு வந்தால் நகரப் பாடசாலைக்கான புள்ளி குறையும், புது இடத்திலோ பதிவு போதாது. பிள்ளை பாடசாலையில் சேர்ந்த பிறகு குடிபெயர்வதே புத்திசாலித்தனம். பாடசாலை 7.30க்கு என்றால் வான் ஆறு மணிக்கே வாசலில் நிற்கும், ஒன்றரைக்கு விட்டால் வீடு சேர மூன்றாகும். வான் ஓட்டுநர் நம் ஒழுங்கைக்குள் வருவாரா, பிரதான வீதிச் சந்தியில்தான் ஏற்றுவாரா என்று வீடு எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரின் காலைநேரம் முழுவதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. முற்றத்தில் விளையாட அயல் பிள்ளைகள் கிடைப்பார்கள், சிங்களம் தானாக வரும். தமிழ் வாசிப்புக்கு மட்டும் வீட்டில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். சந்திக் கடையில் வீரகேசரி கிடைக்காத இடங்கள் உண்டு, இட்லி அரிசிக்கும் பூசைச் சாமானுக்கும் சந்தைக்குத்தான் வர வேண்டும்.

வைத்தியசாலை பெரிய கவலையில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், சிறுபிள்ளைகளுக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் ஒழுங்கைக்குள் வண்டி திரும்ப இடமிருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தான கொங்கிரீட் பாதைகள் மழையில் பாசி பிடித்து வழுக்கும். ஆட்டோக்காரர்கள் இரவில் மேலே ஏறத் தயங்குவதற்கும் அதுவே காரணம்.

குடிபோகிற நாளில் பெரிய லொறி சந்தியோடு நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு, மிச்சத் தூரத்துக்குச் சின்ன லொறியோ லேண்ட்மாஸ்டரோ முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் வீட்டை ஒரு தடவையாவது மழை பெய்துகொண்டிருக்கும்போது பாருங்கள். மாசி வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஒப்பந்தத்தில் கருங்கல் கட்டு, பீலி, மோட்டார், ஊறுகுழி ஆகிய நான்கின் திருத்தச் செலவு யாருடையது என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். மண்சரிவு எச்சரிக்கையால் வெளியேற நேர்ந்தால் அந்த நாட்களின் வாடகையும், திரும்ப முடியாமல் போனால் மிச்ச முற்பணமும் என்னவாகும் என்பதையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.